வெற்று உலோகத் தோற்றத்தில் ஒரு மிக்-21

பிளாஸ்டிக் விமான மாதிரிகளைக் கட்டத் தொடங்குகிறவர்கள் பலர், பச்சையும் பழுப்புமாகக் கலந்த மறைப்பு வண்ணம்தான் கடினமானது, உடல் முழுவதும் வெள்ளி நிறம் என்றால் வேலை எளிது என்று எண்ணுகிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. மினுப்பற்ற பச்சைப் பூச்சு, ஒட்டிய இடத்தின் தடத்தையும் உப்புத்தாளின் கீறலையும் பெரும்பாலும் விழுங்கிவிடும்; உலோகப் பூச்சோ அவற்றை இரட்டிப்பாக்கிக் காட்டும். இந்திய விமானப் படையின் மிக்-21 எஃப்.எல். விமானத்தை 1/48 அளவில், வண்ணம் பூசப்படாத அலுமினியத் தோற்றத்தில் கட்டி முடித்த அனுபவத்தில் நான் கண்டது, இத்தகைய மாதிரியில் வண்ணம் அடிக்கும் நாள் வெறும் தேர்வு முடிவு வெளியாகும் நாள் மட்டுமே என்பதுதான். மதிப்பெண்கள் எல்லாம் அதற்கு முன்பே, பசையும் பட்டியும் உப்புத்தாளும் கையில் இருக்கும்போதே இடப்பட்டுவிடுகின்றன.

எந்த விமானம், எந்த ஆண்டின் விமானம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். மிக்-21 இந்திய விமானப் படையில் 1963 முதல் இருந்தது. சண்டிகரில் 28ஆம் ஸ்குவாட்ரன் அதை முதலில் பெற்றது. 2025 செப்டம்பர் 26 அன்று அதே சண்டிகரில் இறுதி விடை கொடுக்கப்பட்டது. இந்த நெடுங்காலத்தில் எஃப்.எல்., எம்., பிஸ், பைசன் என வகைகள் மாறிக்கொண்டே வந்தன. வகைக்கேற்ப உடலின் வடிவமும் மாறியது. நாசிக்கில் எச்.ஏ.எல். (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) நிறுவனம் உரிமம் பெற்றுத் தயாரித்த எஃப்.எல். வகைக்கு விமானிக்குப் பின்னால் ஓடும் முதுகுத் தண்டு மெலிந்தது. பிற்கால பிஸ் வகைக்கு அது பருத்தது. எஃப்.எல்.-இல் உடலோடு அமைந்த பீரங்கி கிடையாது. தேவைப்பட்டபோது வயிற்றின் கீழ் ஒரு பீரங்கிக் கூடு மாட்டப்பட்டது. பெட்டியின் மேல் ‘மிக்-21’ என்று எழுதியிருக்கிறது என்பதற்காகக் கிடைத்த முதல் பெட்டியை வாங்கினால், இந்திய அடையாளங்களை ஒட்டிய பிறகும் அது வேறு நாட்டின் வேறு வகை விமானமாகவே நிற்கும்.

ஆண்டும் முக்கியம். 1971 போரில் டாக்காவின் தேஜ்காவ்ன் விமானத் தள ஓடுபாதையைத் தாக்கிய, டிசம்பர் 14 அன்று அந்நகரின் ஆளுநர் மாளிகை மீது ராக்கெட்டுகளை ஏவிய விமானங்கள் இந்த எஃப்.எல். வகையைச் சேர்ந்தவை. போர்க்காலத்தில் பல விமானங்களுக்கு அவசர அவசரமாக மறைப்பு வண்ணம் தீட்டப்பட்டது. ஆகவே வெற்று உலோகத் தோற்றம் வேண்டும் என்றால், ஒரு குறிப்பிட்ட விமானத்தின் புகைப்படத்தை, அதன் வால் எண் தெரியும்படியாக, முன்னால் வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும். பெங்களூரில் உள்ள எச்.ஏ.எல். அருங்காட்சியகம், தில்லியில் ‘பாலம்’ (Palam) என்ற இடத்தில் உள்ள விமானப் படை அருங்காட்சியகம் ஆகிய இரண்டிலும் மிக்-21 விமானங்களை அருகிலிருந்து பார்க்கலாம். ஆனால் அருங்காட்சியகத்தில் நிற்கும் விமானத்துக்குப் பிற்காலத்தில் மறுபூச்சு அடித்திருப்பார்கள் என்பதால், வடிவத்துக்கு அதை நம்பலாம். நிறத்துக்கு நம்பக் கூடாது.

பாகங்களை வார்ப்புச் சட்டத்திலிருந்து வெட்டும்போது பாகத்தை ஒட்டி வெட்டாமல், சற்றே தள்ளி ஒருமுறை வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவி, பிறகு அரத்தால் தேய்க்க வேண்டும். ஒட்டி வெட்டினால் பிளாஸ்டிக் இழுபட்டு வெண்மையான குழி விழும். விமானி அறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சோவியத் விமானங்களுக்கே உரிய அந்த நீலப்பச்சை நிறத்தை அடித்து, கருவிப் பலகையைக் கறுப்பாக்கி, விளிம்புகளை மெல்லிய தூரிகையால் வெளிறச் செய்தால் போதும். கண்ணாடி மூடியை நான் மூடிய நிலையிலேயே ஒட்டியதால், உள்ளே செலவிட்ட உழைப்பில் பாதி வெளியே தெரியவில்லை. அதற்காக வருந்தவும் இல்லை, ஏனென்றால் இந்த விமானத்தின் அழகு மூக்கிலிருந்து வால் வரை முறியாமல் ஓடும் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

உடலின் இரு பாதிகளையும் ஒட்டுவதற்கு முன் எடையைக் கவனிக்க வேண்டும். பாகங்களை மாஸ்கிங் டேப்பால் தற்காலிகமாகச் சேர்த்து, பின்சக்கரங்கள் வரும் இடத்தில் விரல்களால் தாங்கிப் பார்த்தால், மூக்கு தாழ்கிறதா, வால் தாழ்கிறதா என்பது தெரிந்துவிடும். வால் தாழ்ந்தால் மூக்கில் எடை சேர்க்க வேண்டும். மிக்-21இன் மூக்கு, காற்று நுழையும் திறந்த வாய் என்பதால் எடை வைக்கக் கிடைக்கும் இடம் குறைவு. காற்றுவாயின் நடுவில் நிற்கும் கூம்பின் உட்குழிவும், விமானி அறையின் தளத்துக்கும் முன்சக்கர அறைக்கும் இடையிலான சிறு இடைவெளிகளும்தான் மிஞ்சும். மீன்பிடி வலைக்கு விற்கும் ஈயக் குண்டுகளை நசுக்கி அங்கே திணித்து எபாக்சியால் பிடிக்க வைத்தேன். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் மற்ற வேலை.

இனி ஒட்டுவது. பிளாஸ்டிக் மாதிரிக்கான நீர்த்த பசை, உண்மையில் பசை போல் இடையில் நின்று பிடிப்பதில்லை. அது பாலிஸ்டைரீனைக் கரைத்து இரு விளிம்புகளையும் ஒன்றாகப் பற்றவைக்கிறது. எனவே இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்து, இணைப்பில் தூரிகையால் தொட்டால் பசை தானாக உள்ளே ஓடும். சற்று நேரம் கழித்து இரு பக்கமும் அழுத்தினால், கரைந்த பிளாஸ்டிக் மெல்லிய வரம்பாக வெளியே பிதுங்கும். அந்த வரம்பு பிதுங்கிய இடத்தில் பட்டியே தேவைப்படாது. ஆனால் அதை அன்றே தேய்க்கக் கூடாது. உள்ளே கரைந்த பிளாஸ்டிக் முழுவதும் இறுகச் சில நாள் ஆகும். அதற்கு முன் தேய்த்துச் சமமாக்கினால், பிறகு இறுகும்போது அது சுருங்கி, உலோகப் பூச்சின் கீழ் மெல்லிய பள்ளமாகத் தலைகாட்டும். வண்ணம் அடித்து வாரங்கள் கழித்து முளைக்கும் இந்தப் பேய்த் தடத்துக்கு மருந்து கிடையாது.

இடைவெளி விழுந்த இடங்களுக்கு எதை நிரப்புவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கார்ப் பெயிண்ட் கடையில் கிடைக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பட்டி மலிவு, தேய்க்கவும் எளிது. ஆனால் அதிலுள்ள கரைப்பான் ஆவியாகும்போது அதுவும் சுருங்கும். மேலும் அது நுண்துளை உள்ளது, சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிட வண்ணத்தை அதிகம் உறிஞ்சும். மறைப்பு வண்ணத்துக்கு இது பொருட்டல்ல. உலோகப் பூச்சில் அந்த இடம் மட்டும் மங்கலாக, திட்டாகத் தெரியும். அதனால் முக்கிய இணைப்புகள் எல்லாவற்றிலும் ஃபெவிக்விக்கோடு முகப் பவுடரைக் குழைத்து நிரப்பினேன். பவுடர் சேர்ப்பது அதைத் தேய்ப்பதற்கு இளக்கமாக்கும். தனி ஃபெவிக்விக் ஒரு நாள் விட்டால் பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடும், பிறகு உப்புத்தாள் அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைத்தான் தின்னும். இறுகிய சில மணி நேரத்துக்குள் தேய்த்துவிடுவது நல்லது. தேய்க்கும்போது வீடெல்லாம் பவுடர் மணம் வரும் என்பது இதில் கூடுதல் வரவு.

தேய்ப்பதில் நான் கற்றதில் பாதி, எங்கள் தெருவில் கார்களுக்கு டிங்கரிங் வேலை செய்யும் பட்டறையின் பெயிண்டரிடம் கற்றது. அவர் பட்டி பார்த்து முடித்த கதவை நேராகப் பார்க்க மாட்டார். தலையைச் சாய்த்து, டியூப்லைட்டின் பிம்பம் அந்த உலோகத்தின் மேல் ஓடும் விதத்தைப் பார்ப்பார். பிம்பம் நெளிந்தால் அங்கே மேடோ பள்ளமோ இருக்கிறது. “கலர் எதையும் மூடாது சார், காட்டித்தான் கொடுக்கும்” என்பார். கையளவு விமானத்துக்கும் அதே விதிதான். இணைப்பின் மேல் கறுப்பு மார்க்கரால் கோடு போட்டு, 400 எண் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால், மை எங்கே மிஞ்சுகிறதோ அங்கே பள்ளம். பிறகு 600, 1000, 1500, 2000 என்று ஏறிச் செல்ல வேண்டும். ஒரு படியைத் தாண்டினால், அந்தப் படி அழித்திருக்க வேண்டிய கீறல்கள் அப்படியே தங்கும். 2000 எண்ணில் எவ்வளவு நேரம் தேய்த்தாலும் 400 எண்ணின் கீறல் போகாது. ஒவ்வொரு படியிலும் தேய்க்கும் திசையை மாற்றினால், முந்தைய கீறல்கள் மறைந்தனவா என்பது எளிதில் தெரியும்.

மிக்-21இன் உடல் உருளை வடிவம் கொண்டது. முதுகுத் தண்டோ மெல்லிய வரம்பு. இரண்டின் உச்சியிலும் இணைப்பு ஓடுகிறது. கட்டையில் சுற்றிய தாளால் தேய்த்தால் உருளை தட்டையாகிவிடும். தாளை நீளவாட்டில் நாடாவாகக் கிழித்து, இரு முனையையும் பிடித்துக்கொண்டு, செருப்புக்குப் பாலிஷ் போடுகிறவர் துணியை இழுப்பது போல் வளைவின் மேல் இழுத்துத் தேய்த்தால் வட்டம் வட்டமாகவே நிற்கும்.

தேய்த்ததில் தகடுகளின் இணைப்புக் கோடுகள் தூர்ந்துபோகும். அவற்றைப் புதிதாகக் கீற வேண்டும். பெயர்ச்சீட்டு அச்சிடும் தடித்த பிளாஸ்டிக் நாடாவான டைமோ டேப்பை வளைவோடு ஒட்டி, அதன் விளிம்பை ஒட்டித் தையல் ஊசியை, அழுத்தாமல், பலமுறை இழுக்க வேண்டும். முதல் இழுப்பிலேயே ஆழம் தேடினால் ஊசி வழுக்கி ஓடும். எந்தக் கோட்டை மீட்பது, எதை விடுவது என்பதை நிஜ விமானத்தின் அமைப்பு சொல்லிவிடும். முதுகின் நீளவாட்டில் உள்ள இணைப்பு மாதிரி செய்தவரின் வசதிக்கானது; நிஜத்தில் இல்லை, அது முற்றிலும் மறைய வேண்டும். ஆனால் இறக்கைக்குப் பின்னால் உடலை வளையமாகச் சுற்றும் கோடு நிஜமானது: மிக்-21இன் எஞ்சினை மாற்ற, வால் பகுதி முழுவதையும் அந்த இடத்தில் கழற்றிப் பின்னோக்கி இழுத்துவிடுவார்கள். ஆகவே அந்தக் கோடு மற்றவற்றைவிடச் சற்று ஆழமாகவே இருக்கலாம். எந்திரம் எப்படி இயங்குகிறது, எப்படிப் பிரிகிறது என்பதைப் படிப்பது பொழுதுபோக்கின் புறவேலை அல்ல. ஊசியை எங்கே வைப்பது என்பதையே அது தீர்மானிக்கிறது.

முக்கோண இறக்கைகளின் மொத்த அகலம் நிஜத்தில் 7.15 மீட்டர், 1/48 அளவில் 149 மி.மீ. இறக்கை கிடைமட்டமாக இல்லை. வேரிலிருந்து நுனிக்கு 2 பாகை கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. இந்த அளவில் அது நுனியில் ஏறத்தாழ 2 மி.மீ. இறக்கம்தான் என்றாலும், அந்த 2 மி.மீ. இல்லாவிட்டால் முன்பக்கத்திலிருந்து பார்க்கும்போது விமானம் உயிரற்றுத் தெரியும். அட்டையில் அந்தச் சாய்வை வெட்டி, இரு இறக்கைகளுக்கும் கீழே முட்டுக்கொடுத்து ஒட்டினேன். மேல், கீழ் இறக்கைப் பாகங்களைச் சேர்க்கும் முன், பின்விளிம்பின் உட்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்து மெலிதாக்குவதும் அவசியம். தடித்த பின்விளிம்பு, அளவு தவறிய பொம்மையாக்கிவிடும்.

வண்ணத்துக்கு வருவோம். உலோகப் பூச்சின் அடியில் பளபளக்கும் கறுப்பு வேண்டும். உலோகத் துகள்கள் மிக மெல்லிய படலமாகவே விழுகின்றன. அடியிலுள்ள கறுப்பின் வழவழப்புத்தான் மேலே உலோகத்தின் மினுப்பாகத் தெரிகிறது. நான் கார்களுக்கான என்.சி. கறுப்பைப் பயன்படுத்தினேன். என்.சி. தின்னர் பாலிஸ்டைரீனைத் தாக்கும் என்பதால், முதலில் பிரைமரையும், அதன் மேல் கறுப்பின் முதல் இரண்டு பூச்சுகளையும் ஈரம் தேங்காத மெல்லிய தூவலாக அடித்து, அவை காய்ந்த பிறகே ஈரப் பூச்சு அடிக்க வேண்டும். கரைப்பான் ஆவிக்குத் துணிமுகக்கவசம் எந்தப் பாதுகாப்பும் தராது. கரிம ஆவிகளை ஈர்க்கும் வடிகட்டி பொருத்திய கவசம், திறந்த ஜன்னல், அருகில் தீ இல்லாமை மூன்றும் கட்டாயம்.

சென்னையில் இந்த வேலைக்கு நாள் பார்க்க வேண்டியிருக்கிறது. இது சோதிட நம்பிக்கை அல்ல. லாக்கர் எனப்படும் இந்த என்.சி. வகைப் பூச்சின் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. ஈரமான காற்றில் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து, கறுப்பு பால் போல் வெளுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் லாக்கர் பக்கமே போகாமல் இருப்பது நலம். சித்திரை வெயிலிலோ எதிர்த் தொல்லை: வண்ணம் பரப்பை அடையும் முன்பே காற்றில் பாதி காய்ந்து, மணல் போல் விழும். தை, மாசி மாதங்களில், கடற்காற்று ஏறுவதற்கு முன் முற்பகலில் அடிப்பதுதான் எனக்கு ஒத்துவந்தது. மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டரைச் சிறிது சேர்ப்பதும் இரண்டு தொல்லைக்கும் உதவும். வண்ணத்தைத் தூவும் ஏர்பிரஷ்ஷுக்குக் காற்று தரும் கம்ப்ரசரில் நீர்ப்பிடிப்பான் இல்லையென்றால் குழாயில் சேரும் தண்ணீர், மிக மோசமான நேரம் பார்த்துத் துளியாகத் துப்பும்.

அலுமினிய லாக்கரை ஏர்பிரஷ்ஷின் 0.3 மி.மீ. ஊசியில், குறைந்த காற்றழுத்தத்தில், 12 முதல் 15 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) வரை வைத்து, அருகிலிருந்து மெல்லிய படலங்களாக ஏற்றினேன். கறுப்பு மறைந்தவுடன் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் அடித்தால் மினுப்பு கூடாது, சாம்பல் தட்டும். லாக்கர் வகை உலோகப் பூச்சுகள் எளிதில் தீப்பற்றும் என்பதால் விமான அஞ்சலில் வருவதில்லை. கிடைக்காதவர்களுக்கு நீரில் கரையும் அக்ரிலிக் உலோகப் பூச்சுகள் உண்டு. அவை வெளுப்பதில்லை, நாற்றம் இல்லை. ஆனால் டேப்பை உரிக்கும்போது கூடவே உரிந்து வரும் அபாயம் அதிகம். எனவே உடல் முழுவதற்கும் லாக்கரையும், அதன் மேல் தனித்தனித் தகடுகளுக்கு அக்ரிலிக்கையும் வைத்துக்கொண்டேன்.

நிஜ விமானத்தின் தகடுகள் ஒரே உலோகமும் அல்ல, ஒரே வயதும் அல்ல. சிலவற்றைச் சற்று இருண்ட அலுமினியத்தாலும், எஞ்சின் வெப்பம் படும் வால் நுனியை எஃகு நிறத்தாலும் வேறுபடுத்தினேன். மாஸ்கிங் டேப்பை முதலில் உள்ளங்கையில் இரண்டு முறை ஒட்டி எடுத்து, பிசுக்கைக் குறைத்துவிட்டுத்தான் உலோகத்தின் மேல் ஒட்ட வேண்டும். வேலை முடிந்ததும் உரித்துவிட வேண்டும், இரவு தங்கவிடக் கூடாது. வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும். சதுரங்கப் பலகை போல் கட்டம் கட்டமாக மின்னும் மாதிரிகளை நான் பார்த்திருக்கிறேன், அப்படி ஒரு விமானம் எந்தப் படைத் தளத்திலும் நின்றதில்லை. காற்றுவாயின் கூம்பும் வால் துடுப்பின் உச்சியும் ரேடியோ அலைகள் ஊடுருவும் பொருளால் ஆனவை, பெரும்பாலும் பச்சை. சக்கரங்களின் நடுவட்டும் பளிச்சென்ற பச்சை. இத்தனை வெள்ளிக்கு நடுவே இந்தப் பச்சைகள்தான் கண்ணைப் பிடித்து நிறுத்துகின்றன.

காவி, வெள்ளை, பச்சை வட்டங்களையும் வால் எண்ணையும் ஒட்டுவதற்கு முன் தெளிபூச்சு அடிக்க வேண்டாம் என்பது என் முடிவு. தெளிபூச்சு உலோகத்தின் ஒளியை மட்டுப்படுத்தும். வழவழப்பாகத் தேய்த்து அடித்த உலோகப் பூச்சின் மேல் டிகால், அதாவது தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் அச்சிட்ட அடையாளப் படலம், நேரடியாகவே நன்றாக ஒட்டும். ஆனால் டிகாலைச் சுற்றியுள்ள நிறமற்ற படலம் உலோகத்தின் மேல் தனியாகத் தெரியும் என்பதால், எழுத்துகளின் ஓரம் வரை, கூரிய கத்தியால் அந்தப் படலத்தை வெட்டிக் குறைக்க வேண்டும். டிகாலை இளக்கும் திரவம் சில உலோகப் பூச்சுகளில் கறையை விடும். இறக்கையின் அடியில் மறைவான இடத்தில் சோதித்துப் பார்த்தேன். ஊறவைக்கும் தண்ணீரையும் கவனிக்க வேண்டும். எங்கள் பகுதியின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளை உப்புத் தடம் நிற்கும். கறுப்பு, வெள்ளி இரண்டின் மேலும் அது பளிச்சென்று தெரியும். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு பாட்டில் வாங்கி வைத்தால் தொல்லை இல்லை.

கோடுகளுக்குக் கறுப்பும் பழுப்பும் கலந்த எண்ணெய் வண்ணத்தை டர்பன்டைனில் நீர்த்து ஓடவிட்டு, காய்ந்தபின் துணியால் துடைத்தேன். இந்த இடத்தில் என்.சி. தின்னரைத் தொட்டால் உலோகப் பூச்சே கரைந்துவிடும். இறக்கையின் கீழே கே-13 ஏவுகணைகளை மாட்டுவதா, ராக்கெட் கூடுகளை மாட்டுவதா என்பது தேர்ந்தெடுத்த புகைப்படத்தைப் பொறுத்தது. கைவிரலின் உப்பும் வியர்வையும் உலோகப் பூச்சில் கறையாகத் தங்கும் என்பதால், இந்தக் கட்டம் முழுவதும் பருத்திக் கையுறையோடுதான் செய்தேன்.

மூக்கின் மேல் நீண்டு நிற்கும், காற்றில் விமானத்தின் வேகத்தை அளக்கும் பிட்டோ குழாயை எல்லாவற்றுக்கும் கடைசியில் பொருத்த வேண்டும். பெட்டியில் வரும் பிளாஸ்டிக் குழாய் தடித்தது, ஒரு சட்டைக் கை பட்டாலே முறியும். அதன் இடத்தில் மருந்துக் கடையில் வாங்கிய சிரிஞ்சு ஊசியை, கூர்முனையை அரத்தால் மழுக்கி, எபாக்சியால் ஒட்டினேன். ஃபெவிக்விக்கின் ஆவி அருகிலுள்ள கண்ணாடி மூடியை வெண்மையாக்கிவிடும் என்பதால் அதை அந்தப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. எபாக்சி இறுகும்வரை மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பார்த்து நேராக்கிக்கொள்ளப் போதிய நேரம் கிடைக்கும். அக்ரிலிக் பெட்டி செய்யக் கொடுக்கும்போது, உடலின் நீளத்தோடு இந்த ஊசியின் நீளத்தையும் சேர்த்தே அளவு சொல்ல வேண்டும்.